இருபது வருஷம் ஒண்ணும் ஆகலை: ஸ்டீவ் மெக்வீன் கதை

போன மே மாசம், ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவு. அம்பத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து லேப்டாப்ல 'புல்லிட்' பார்த்துக்கிட்டு இருந்தேன். 1968-ல வந்த படம். கதை ஞாபகம் இல்லாதவங்களுக்கும் அந்தக் கார் சேஸ் ஞாபகம் இருக்கும். சான்ஃபிரான்சிஸ்கோவோட மேடு பள்ளத் தெருக்கள், பச்சை மஸ்டாங், 10 நிமிஷத்துக்கு மேல ஓடுற துரத்தல். யூடியூப்ல துண்டு துண்டா நீங்களும் பார்த்திருப்பீங்க. ஓட்டுறவர் ஸ்டீவ் மெக்வீன்.

சேஸ் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து பக்கத்து மனையில சுத்தியல் சத்தம். அங்க பழைய லேத் ஷெட் ஒண்ணு இருந்துச்சு, அதைப் பிரிக்கிறாங்க. கூரை மேல ரெண்டு பசங்க, என் வயசுதான் இருக்கும், மூக்குல கைக்குட்டை கட்டியிருந்தாங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை சுத்தியலால உடைச்சு, துண்டு துண்டா கீழ போட்டாங்க. ஒவ்வொரு துண்டு விழும்போதும் வெள்ளையா ஒரு புகை எழும்பி எங்க வேப்ப மரம் மேல படிஞ்சது. நான் ஜன்னலைச் சாத்திட்டு சவுண்டைக் கூட்டி வச்சேன். அவ்வளவுதான் நான் அன்னைக்குச் செஞ்சது.

படம் முடிஞ்சதும் இவர் யாரு, எப்ப இறந்தார்னு தேடினேன். 1980, நவம்பர் 7. வயசு 50. காரணம் மீசோதெலியோமா, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்ற புற்றுநோய். படிச்சிட்டு மறுபடி ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஷெட்டுல பாதிக் கூரை காலியா இருந்துச்சு. அதனாலதான் இந்த இதழ்ல ஒரு ஹாலிவுட் நடிகரோட வாழ்க்கையை உங்களுக்குச் சொல்றேன்.

டெரன்ஸ் ஸ்டீவன் மெக்வீன் பிறந்தது 1930 மார்ச் 24, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துல. அப்பா விமானத்துல சாகசம் காட்டும் பைலட். குழந்தை பிறந்து சில மாசத்துலயே வீட்டை விட்டுப் போயிட்டார். அம்மாவால தனியா வளர்க்க முடியலை. பையன் மிசௌரி மாநிலத்துல ஸ்லேட்டர்ங்கிற ஊர்ல, தாத்தா பாட்டியோடயும், அம்மாவோட மாமா கிளாட் தாம்சன் பண்ணையிலயும் வளர்ந்தான். நாலாவது பிறந்தநாளுக்கு அந்தப் பெரியவர் ஒரு சிவப்பு மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ரேஸ் மேல தனக்கு வந்த பித்து அங்கதான் தொடங்கிச்சுன்னு மெக்வீன் பின்னாடி சொல்லியிருக்கார். சின்ன வயசுல வந்த காது நோயால ஒரு காது சரியாக் கேட்காது. டிஸ்லெக்சியா இருந்ததால படிப்பும் ஏறலை.

அம்மா மறுபடி கல்யாணம் பண்ணி கூப்பிட்டுக்கிட்டாங்க. மாற்றாந்தகப்பன் கையால அடி. பையன் தெருவுக்கு வந்தான், சின்னத் திருட்டு, அடிதடி. 14 வயசுல கலிஃபோர்னியாவுல 'பாய்ஸ் ரிபப்ளிக்'ங்கிற சீர்திருத்தப் பள்ளியில சேர்த்துட்டாங்க. முதல்ல ஒத்துப் போகலை, அப்புறம் அதுதான் அவரை மனுஷனாக்குச்சு. பெரிய நட்சத்திரமான பிறகு, படக் கம்பெனிகள்கிட்ட ஒப்பந்தம் போடும்போது ஜீன்ஸும் ஷேவிங் ரேசரும் மொத்தமா வேணும்னு கேட்பாராம். இவ்வளவு சம்பளம் வாங்குறவர் இதைப் போய் கேட்கிறாரேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. எல்லாம் அந்தப் பள்ளிப் பசங்களுக்குப் போயிட்டு இருந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அவர் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

1947-ல, 17 வயசுல, மரைன் படையில சேர்ந்தார். டாங்க் பிரிவு. ஆவடிக்காரங்களுக்கு டாங்க் புதுசில்ல. ஆனா இவர் ஓட்டினது ஆர்க்டிக் பனி மேல. ஒரு பயிற்சியில பனி உடைஞ்சு டாங்க் கடலுக்குள்ள போறதுக்கு முன்னாடி, உள்ள இருந்த அஞ்சு பேரை இழுத்துக் காப்பாத்தினார். அதே ஆள்தான் வார விடுமுறைக்குப் போயிட்டு காதலியோட ரெண்டு வாரம் தங்கிட்டு, தேடி வந்தவங்களோட மல்லுக்கட்டி, ராணுவச் சிறையில கிடந்தவரும்.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன். அவரோட வாழ்க்கை வரலாறுகள் சொல்றபடி, தண்டனையில இருந்த அந்தக் காலத்துல அவரை ஒரு கப்பலோட எஞ்சின் ரூமைச் சுத்தம் பண்ற வேலையில விட்டாங்க. குழாய்கள் மேல சுத்தியிருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் உறையை உரிச்சு எடுக்கணும், புதுசு சுத்தணும். மூடின அறை. மூச்சு விட முடியாத அளவுக்குத் தூசி. மாஸ்க் கிடையாது. தூசியால ஆபத்து இருக்குன்னு அந்தப் பசங்களுக்குச் சொல்லவும் யாரும் இல்லை.

குழாய்க்கு ஏன் ஆஸ்பெஸ்டாஸ்? இதுக்குப் பதில் உங்க ரெக்கார்ட் நோட்லயே இருக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல லேக்டு பைப் எக்ஸ்பெரிமென்ட் பண்ணியிருப்பீங்க. நடுவுல ஹீட்டர், அது மேல ஆஸ்பெஸ்டாஸ் ஒரு லேயர், அது மேல மரத்தூள் ஒரு லேயர், இடையில தெர்மோகப்பிள். வெப்பத்தைக் கடத்தாது, தீப்பிடிக்காது, துணி மாதிரி சுத்தலாம், விலையும் கம்மி. அந்தக் கால நீராவிக் கப்பல்ல பாய்லர்ல இருந்து கடைசிக் குழாய் வரைக்கும் அதுதான். நம்ம ரெக்கார்ட்ல தெர்மல் கண்டக்டிவிட்டி கண்டுபிடிச்சு, கையெழுத்து வாங்கி, வைவாவுக்கு மனப்பாடம் பண்ணினோம். அந்த லேயரைப் பிரிச்சு எடுத்தா என்ன ஆகும்னு என்னை யாரும் கேட்கலை. நானும் யாரையும் கேட்கலை.

என்ன ஆகும்னா, கல்நார் நாராப் பிரியும். தமிழ்ப் பெயரே சொல்லுது பாருங்க, கல்தான், ஆனா நாரு. பிரிஞ்சுக்கிட்டே போய் கண்ணுக்குத் தெரியாத ஊசியா ஆகும், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசா. அது காத்துல மணிக்கணக்கா மிதக்கும். மூச்சுல போனா நுரையீரலோட அடி வரைக்கும் போகும். தூசியை விழுங்கிச் சுத்தம் பண்ற செல்களால இந்த நீள ஊசியை முழுசா விழுங்க முடியாது. உடம்பால கரைக்கவும் முடியாது. உள்ளேயே கிடந்து, வருஷக்கணக்கா உறுத்தி, நுரையீரலைத் தழும்பாக்கும். இல்லைன்னா நுரையீரலைச் சுத்தி இருக்கிற மெல்லிய உறையில புற்றுநோயைக் கொண்டுவரும். அந்தப் புற்றுநோய்தான் மீசோதெலியோமா. வர்றதுக்கு இருபதுல இருந்து நாற்பது வருஷம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

மெக்வீன் 1950-ல நல்ல பேரோடவே படையை விட்டு வந்தார். ராணுவத்துல இருந்தவங்களுக்கு அரசு கொடுக்கிற படிப்புப் பணத்துல நியூயார்க்ல நடிப்புப் பள்ளியில சேர்ந்தார். வாரக் கடைசியில பைக் ரேஸ் ஓட்டி செலவுக்குச் சம்பாதிச்சார். 1958-ல டிவி தொடர், 1960-ல 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', 1963-ல 'தி கிரேட் எஸ்கேப்'. பைக்கோட முள்வேலியைத் தாண்டுவாரே, அந்தப் படம். அந்தத் தாவலை நிஜத்துல பண்ணினது அவர் நண்பர் பட் எகின்ஸ். வண்டியும் ஜெர்மன் ராணுவ வண்டி மாதிரி வேஷம் போட்ட பிரிட்டிஷ் ட்ரையம்ப். இதுல வேடிக்கை என்னன்னா, துரத்துற ஜெர்மன் வீரனா வேற யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு சில ஷாட்ல மெக்வீனே ஓட்டியிருக்கார். அதாவது தன்னைத்தானே துரத்தியிருக்கார்.

ரேஸ் அவருக்கு விளம்பரத்துக்கான விஷயம் இல்லை. 1964-ல கிழக்கு ஜெர்மனியில நடந்த ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில அமெரிக்க அணியில ஓட்டினார். பாலைவன ரேஸுக்காக ஒரு பக்கெட் சீட் டிசைன் பண்ணி, அதுக்குப் பேட்டன்ட்டும் வாங்கி வச்சிருந்தார். புராஜெக்ட் ரிவியூவுக்கு டாபிக் தேடுற நண்பர்கள் கவனிக்கவும்.

1970 மார்ச், ஃபுளோரிடாவுல செப்ரிங் 12 மணி நேர ரேஸ். கொஞ்ச நாள் முன்னாடி பைக் ரேஸ்ல கால் உடைஞ்சு மாவுக்கட்டு. கட்டோடவே கிளட்ச் மிதிச்சு, பீட்டர் ரெவ்சனோட மாறி மாறி ஒரு சின்ன போர்ஷே 908-ஐ ஓட்டினார். தன்னை விடப் பெரிய எஞ்சின் கார்கள் நடுவுல, மொத்தத்துல ரெண்டாவது இடம். மாரியோ ஆண்ட்ரெட்டியோட ஃபெராரி முந்தினது அரை நிமிஷத்துக்கும் கம்மியான வித்தியாசத்துல. 40 வயசை நெருங்கின மனுஷன், உடைஞ்ச காலு, 12 மணி நேர ரேஸ்.

கப்பல் எஞ்சின் ரூமை விட்டு வந்து அப்போ இருபது வருஷம் ஆகியிருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அடுத்த சில வருஷத்துல உலகத்துலயே அதிக சம்பளம் வாங்கின நடிகர்கள்ல ஒருத்தர் ஆனார். 1974-ல 'தி டவரிங் இன்ஃபெர்னோ', எரியுற அடுக்குமாடிக் கட்டடத்துல தீயணைப்பு அதிகாரி வேஷம். தீ மேல இருந்த அந்தப் பயம்தான் ஆஸ்பெஸ்டாஸை வித்துச்சுங்கிறதையும் சேர்த்து யோசிங்க. கப்பல், தியேட்டர் திரை, ஸ்டுடியோ சுவர், ரேஸ் ஓட்டுறவங்க போட்ட தீப்பிடிக்காத உடுப்பு, பிரேக் லைனிங் எல்லாத்துலயும் இருந்துச்சு. இத்தனைக்கும் அது கொல்லும்கிற சேதி புதுசு இல்லை. 1960-லயே தென்னாப்பிரிக்காவுல வாக்னர்ங்கிற டாக்டரும் கூட்டாளிகளும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பத்தி எழுதிட்டாங்க. அதுல சுரங்கத்துல வேலை பார்க்காம, பக்கத்துல குடியிருந்தவங்களும் இருந்தாங்க.

1978-ல மெக்வீனுக்கு விடாத இருமல். ரொம்ப சிகரெட் பிடிக்கிறவர், அதனாலதான்னு நினைச்சு சிகரெட்டை விட்டார், மாத்திரை சாப்பிட்டார். இருமல் நிக்கலை. மீசோதெலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேர்ந்து மோசமாக்குறது சாதாரண நுரையீரல் புற்றுநோயை. 1979 டிசம்பர்ல சதையை எடுத்துப் பரிசோதனை பண்ணினப்போதான் பேர் தெரிஞ்சது. சில வாரத்துல உடம்பு முழுக்கப் பரவிட்டதும் தெரிஞ்சது. அவர் அப்போ சான்டா பவுலாங்கிற சின்ன ஊர்ல, பழைய இரட்டை இறக்கை விமானம் ஒண்ணு வச்சு ஓட்டிக்கிட்டு, அமைதியா இருந்தார். 1980 ஜனவரியில பார்பரா மின்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

அமெரிக்க டாக்டர்கள் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்ன பிறகு மெக்சிகோவுக்குப் போனார். அங்க வைத்தியம் பார்த்தது வில்லியம் கெல்லிங்கிற, லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பல் டாக்டர். வாதுமைக் கொட்டை மாதிரி ஒரு பழக்கொட்டையில இருந்து எடுத்த மருந்து, காபி எனிமா, விலங்கு செல் ஊசி. அதைப் படிச்சு நான் சிரிக்கலை, நீங்களும் சிரிக்க மாட்டீங்க. நம்ம குடும்பத்துலயும் கடைசி நேரத்துல யாரோ சொன்னாங்கன்னு எங்கயோ கூட்டிட்டுப் போயிருப்போம். நவம்பர்ல, அமெரிக்க டாக்டர்கள் இதயம் தாங்காதுன்னு எச்சரிச்சும், சியுதாத் குவாரஸ்ங்கிற எல்லை ஊர்ல வேற பேர்ல அட்மிட் ஆகி கட்டிகளை எடுக்கும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். சில மணி நேரத்துல இதயம் நின்னுடுச்சு. சாம்பலைப் பசிபிக் கடல்ல கரைச்சாங்க.

தனக்கு இது ரேஸ் உடுப்பால வந்திருக்கலாம், ஸ்டுடியோவால வந்திருக்கலாம்னும் அவர் யோசிச்சிருக்கார். ஆனா அதிகமா அவர் கை காட்டினது அந்தக் கப்பலைத்தான். எந்த நார், எந்த நாள்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. முப்பது வருஷம் கழிச்சு வர்ற நோயோட பெரிய சௌகரியம் அதுதான், அதாவது வேலை கொடுத்தவங்களுக்கு. உலகப் புகழ் நடிகர், அதனால அவர் 20 வயசுல எங்க என்ன வேலை பார்த்தார்னு தேடி எழுத ஆள் இருந்துச்சு.

நம்ம ஊர்ல? 1995 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, குஜராத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் போட்ட வழக்குல. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியோட உடல்நலப் பதிவையும், வேலையில சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லை வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதுல எது பின்னாடி வருதோ அதுவரைக்கும் வச்சிருக்கணும். நல்ல தீர்ப்பு. ஆனா பக்கத்து மனையில கைக்குட்டை கட்டிக்கிட்டு நின்ன அந்த ரெண்டு பசங்க எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டுலயும் இல்லை. நாள் கூலி, மேஸ்திரி கையில, நோட்டுல பேரு இருந்தாலே அதிகம். அவங்களுக்கு இப்போ 20 வயசுன்னா, இருமல் வந்தா வர்ற வருஷம் 2050-க்குப் பக்கத்துல. அன்னைக்கு எந்த டாக்டர் அம்பத்தூர் ஷெட்டைப் பத்திக் கேட்கப் போறார்?

அம்பத்தூர், பாடி, ஆவடி, பூந்தமல்லி ரோடுன்னு இந்தப் பக்கம் சுத்தினவங்களுக்குத் தெரியும், 1960-கள்ல இருந்து எழும்பின ஷெட்டு எத்தனைன்னு. இப்போ ஒவ்வொண்ணா இடிச்சு அப்பார்ட்மென்ட், குடோன், கார் ஷோரூம் வருது. கூரை ஷீட் தலைக்கு மேல சும்மா இருக்கிறப்போ பயப்பட ஒண்ணும் பெருசா இல்லை, அதையும் சொல்லிடணும். அதுல பத்துல ஒரு பங்கு மாதிரிதான் நாரு, மீதி சிமெண்ட். சிமெண்ட் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. கப்பல் குழாய் உறை மாதிரி உதிராது. உடைக்கும்போது, ட்ரில் போடும்போது, கிரைண்டர் வச்சு அறுக்கும்போது, காய்ஞ்ச தூளைக் கூட்டும்போதுதான் நாரு வெளிய வருது. மொத்த ஆபத்தும் கழட்டுற அந்த ஒரு நாள்ல இருக்கு.

ஜூன்ல எங்க வீட்டுப் பின்பக்கத்து பாத்ரூம் கூரையை மாத்த வேண்டி வந்துச்சு. ஆறு ஷீட். எங்க தெருவுல எல்லா வேலைக்கும் வர்ற மேஸ்திரி அண்ணன்தான் வந்தார். நான் படிச்சதை எல்லாம் கொட்டினேன். முதல்ல தண்ணி, கொஞ்சம் சோப்புத் தண்ணியாவே தெளிச்சு ஊறவைக்கணும். ஜே போல்ட்டைக் கழட்டணும், துருப்பிடிச்சிருந்தா நட்டை வெட்டணும், ஷீட்டைத் தட்டக் கூடாது. மேல ஏறி நிக்கக் கூடாது, பழைய ஷீட் ஆளோட உள்ள விழும், அது முப்பது வருஷமெல்லாம் காத்திருக்காது. முழுசா இறக்கணும், கீழ போடக் கூடாது. கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் பிரயோஜனம் இல்லை, எஃப்எஃப்பி3 ரக மாஸ்க் வேணும். வேலை முடிஞ்சதும் துடைப்பம் தொடக் கூடாது, ஈரத் துணியால துடைக்கணும், அந்தத் துணியையும் போட்டிருந்த உடுப்பையும் கழிவோடயே சேர்க்கணும். அதே உடுப்போட வீட்டுக்குப் போனா துவைக்கிறவங்க மூச்சுல போகும். கணவனோட வேலை உடுப்பைத் துவைச்சே நோய் வந்த பெண்கள் பல நாட்டுல உண்டு.

அண்ணன் பொறுமையாக் கேட்டார். இருபது வருஷமா இதே வேலை பார்க்கிறதாவும், தனக்கு ஒண்ணும் ஆகலைன்னும் சொன்னார். உண்மைதான், ஆள் என்னை விட நல்லா ஏணி ஏறுவார். நான் அவருக்கு செப்ரிங் ரேஸைச் சொன்னேன். இருபது வருஷம் முடிஞ்ச நேரத்துல ஒரு மனுஷன் உடைஞ்ச காலோட 12 மணி நேர ரேஸ் ஓட்டி ரெண்டாவது வந்தான்னு. கார் எவ்வளவு வேகம் போகும்னு கேட்டார்.

கடைசியில தண்ணி தெளிக்க ஒத்துக்கிட்டார். மெக்வீனுக்காக இல்லை, போன மாசம் பக்கத்து மனைத் தூசி எதிர் வீட்டு அக்காவோட துணி மேல படிஞ்சு சண்டை ஆனதால. நான் வாங்கிக் கொடுத்த மாஸ்க்கை அரை மணி நேரம் போட்டிருந்தார், வேர்க்குதுன்னு கழட்டிட்டார். ஆனா ஷீட் அஞ்சு முழுசா இறங்குச்சு, ஒண்ணுதான் ஓரத்துல உடைஞ்சது. அவர் கூட வந்த தம்பிக்கு மாஸ்க் பிடிச்சுப் போய் வீட்டுக்கே எடுத்துட்டுப் போகப் பார்த்தான். அதை வாங்கிக் கழிவுல போட்டுட்டு, புதுசு ஒண்ணு கொடுத்தேன்.

அடுத்தது, இதை எங்க கொண்டு போறது? அபாயகரமான கழிவைப் புதைக்கிறதுக்குன்னே அடியில லைனர் போட்ட குழி கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருக்கு. கழிவைப் போடுற முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்போட ஐஎஸ் 11768 இருக்கு, 1986-ல வந்தது. ஆனா ஆறு ஷீட்டை ஒரு வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போக வழி கேட்டு நான் போன் பண்ணின இடத்துல, கம்பெனிப் பேரும் மாசத்துக்கு எத்தனை டன்னும் கேட்டாங்க. குப்பை வண்டி அக்கா தொட மாட்டேன்னுட்டாங்க, அவங்க சொன்னது சரிதான். பழைய சாமான் லாரிக்காரர் நல்ல ஷீட்டை எடுத்துக்கிறேன், உடைஞ்சதை எங்கயாவது பள்ளத்துல போட்டுக்கலாம்னார். நல்ல ஷீட் அப்புறம் யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரையா மறுபடி அறுபட்டு, ட்ரில் போடப்பட்டு ஏறும். வேண்டாம்னு அனுப்பிட்டோம்.

தடிமனான பாலிதீன் ஷீட்ல ரெண்டு சுத்து சுத்தி, டேப் ஒட்டி, மேல மார்க்கர்ல ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீங்கன்னு எழுதி, மோட்டார் ரூம் பின்னாடி சாய்ச்சு வச்சிருக்கோம். எட்டு மாசம் ஆச்சு. அப்பா வாரத்துக்கு ஒரு தடவை அது எப்ப போகும்னு கேட்கிறார். பக்கத்து மனையில பில்லர் எழும்பிடுச்சு. உடைஞ்ச ஷீட் எல்லாம் அந்தப் பேஸ்மென்ட் நிரப்புறதுக்கே போயிடுச்சுன்னு வாட்ச்மேன் தாத்தா சொன்னார்.